ஒருபக்கக் கப்பல்

வசந்தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கப்பல் ஏறி உட்கார்ந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினான்கு மாதங்களும் அவனும் மனைவி புனிதாவும் தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

கப்பல் ஒரே நாளில் வந்து இறங்கிவிடவில்லை. மாதம் ஒரு பெட்டியாக வந்தது. சந்தா கட்டியவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பெட்டி அது. உள்ளே கொஞ்சம் மரத்துண்டுகள், கொஞ்சம் பித்தளை ஆணிகள், ஒரு கையேடு இருக்கும். எல்லாப் பெட்டிகளும் வந்து சேர்ந்து, எல்லாத் துண்டுகளையும் சரியாக ஒட்டிவிட்டால், ஒன்றரை மீட்டர் நீளத்தில் மூன்று பாய்மரங்களும் எழுபத்து நான்கு பீரங்கிகளும் உள்ள ஒரு போர்க்கப்பல் நிற்கும். செலண்டாரில் ஒரு லோரி உதிரிபாகக் கடையில் பதினாறு வருடமாகச் சாமான் எடுத்துக் கொடுக்கும் உனக்கு எதற்குப் போர்க்கப்பல் என்று கேட்டவர்களுக்கு வசந்தனால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

பதில் இருந்தது. சொல்லத்தான் கூச்சம். அவன் வாழ்க்கையில் எதையும் முடித்ததில்லை. கிட்டார் மூன்று மாதம். மண்டரின் மொழி வகுப்பு ஆறு வாரம். வீட்டுக்குப் பின்னால் தோண்டிய மீன் குளம் முழங்கால் ஆழத்தில் நின்று, இப்போது தவளைகள் வசம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் அவனுக்கு ‘அரைக்கிணறு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இந்தக் கப்பலை மட்டும் அவன் கைவிடவில்லை. அடிமரம் நேராக நின்றது. அதன்மேல் விலா எலும்புகள் போல இருபத்திரண்டு சட்டங்களும் நேராக நின்றன. இந்த ஒன்றையாவது கோணாமல் முடித்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

அடுத்து வெளிப்பலகைகள். வலப்பக்கம் முப்பத்தொன்று, இடப்பக்கம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் விரல் அகலமுள்ள மெல்லிய பட்டை. அதை நீரில் ஊறவைத்து, வளைத்து, சட்டங்களின்மேல் ஒட்ட வேண்டும். கையேடு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சிவப்பில் அச்சிட்டிருந்தது: ஒரு பக்கம் ஒன்று ஒட்டினால் உடனே மறுபக்கம் ஒன்று ஒட்டுங்கள், ஈரப்பலகை காயும்போது சுருங்கி இழுக்கும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அடிமரம் வில்லாக வளைந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தீபாவளி நெருங்கியது. புனிதா வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவள். இந்த முறை கிளேபாங்கில் இரண்டு கடைகள் கூடுதலாகக் கேட்டிருந்தன. மேசை வேண்டும் என்றாள். அவன் கொஞ்சம் பொறு என்றான்.

“கப்பல் வேணுமா நான் வேணுமான்னு கேக்கமாட்டேன்,” என்றாள் புனிதா. “கேட்டா நீங்க யோசிப்பீங்க. அதான் சொல்லிடறேன், திங்கக்கிழம இந்த மேசைல மாவு இருக்கும்.”

செலண்டார் வட்டாரப் பண்பாட்டு முன்னேற்றக் கழகத்துக்குக் கடைவீதி மாடியில் ஒரு மண்டபம் உண்டு. மண்டபத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் ஓர் அறையும் உண்டு. அந்த அறையில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்க வசந்தன் போனான். தவறு அங்கேதான் நடந்தது. கேட்காமல் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

செயலாளர் திலகவதி ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். மனுவை மூன்று பிரதிகளாக எழுதித் தரச் சொன்னார். முதல் செயற்குழுக் கூட்டத்தில், கப்பல் என்பது அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று இரண்டரை மணி நேரம் பேசி, கடலில் இருந்தால் அசையும், மாடியில் இருந்தால் அசையாது என்று முடிவெடுத்தார்கள். இரண்டாம் கூட்டத்தில் துணைக்குழு வேண்டுமா என்று பேசினார்கள். மூன்றாம் கூட்டத்தில் பதினொரு பேர் கொண்ட துணைக்குழு அமைந்தது. அதில் இரண்டு ஆலோசகர்கள். ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லிக்கொள்ளலாம். இந்த மூன்று கூட்டங்கள் முடியும்வரை கப்பல் படுக்கையறையில் இருந்தது. வசந்தன் கூடத்தில் படுத்தான்.

முடிவில் அது வசந்தனின் கப்பலாக இல்லை. ‘முன்னோர் வந்த கப்பல்’ என்ற கழகத் திட்டமாகியிருந்தது. அவன் அதில் தொழில்நுட்ப உதவியாளர், தற்காலிகம். ஒரு மூலைக்காகக் கையெழுத்துப் போட்டான்.

முதல் பலகை ஒட்டும் விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. கப்பலைப் பின்னறையிலிருந்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். மேடையின் பின்சுவர் முழுக்க ஒரு பதாகை. அதில் இடப்பக்கம் இந்தியா, வலப்பக்கம் மலாயா, நடுவில் நீலம். நீலத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, மூக்கு மலாயாவைப் பார்க்கும்படி கப்பலை வைத்தார்கள். ஆகவே அதன் வலப்பக்கம் சபைக்குத் தெரிந்தது. இடப்பக்கம் பதாகையைப் பார்த்து, ஓர் ஆள் நுழையும் சந்து விட்டு நின்றது.

கழகத் தலைவர் தம்புசாமி டயர் கடை வைத்திருப்பவர். ‘சமூகச் செம்மல்’ என்று பட்டம் பெற்றவர். பட்டம் கொடுத்தது இதே கழகம். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நம் முன்னோர் இப்படிப்பட்ட கப்பலில்தான் வந்தார்கள். இதில் ஏன் பீரங்கி என்று தம்பி வசந்தன் கேட்டார். நான் அவரைத் திருப்பிக் கேட்டேன். வரலாற்றில் பீரங்கி இல்லை என்பதற்காக நம் கப்பலிலும் இருக்கக் கூடாதா? இந்தத் திட்டத்துக்காக நான் பட்ட பாட்டை நானே சொல்வது நாகரிகம் அல்ல. அதனால் அதைத் துணைத்தலைவர் புவனேஸ்வரனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அடுத்துப் பேசுவார்.”

புவனேஸ்வரன் பேசினார். ஆறு பக்கம் இருந்தது.

பிறகு பிரமுகர் ஒருவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பசை தடவிய பலகையைக் கையில் கொடுத்தார்கள். அவர் சபையைப் பார்த்துச் சிரித்தபடியே அதைக் கப்பலின் வலப்பக்கம் ஒட்டினார். புகைப்படக்காரர் காந்தன் ஒன்பது படம் எடுத்தார். பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. பிரமுகர் ஒட்டியதைத் திருத்துவது மரியாதை இல்லை என்பதால் அப்படியே விட்டார்கள்.

எல்லாரும் இறங்கிய பிறகு வசந்தன் இன்னொரு பலகையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். திலகவதி வந்து அவன் கையைப் பார்த்தார்.

“அது என்ன தம்பி?”

“இடப்பக்கத்துக்கு அக்கா. ஜோடியா ஒட்டணும்.”

“யார் ஒட்டறது?”

“நான்தான்.”

“ஒரு பலகைக்கு ஒரு பிரமுகர், விதி ஏழு,” என்றார் திலகவதி. “விழா இல்லாம ஒட்டினா அது வெறும் தச்சு வேலை தம்பி. அதுக்குக் கழகம் எதுக்கு?”

கப்பல் மேடையிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு மாதம் இரண்டு விழா. சில மாதம் மூன்று. பல்மருத்துவர் வந்தார், வழக்கறிஞர் வந்தார், ஓய்வுபெற்றவர்கள் கூட்டமாக வந்தார்கள். வலப்பக்கம் பலகை மேல் பலகையாக ஏறியது. இடப்பக்கம் விலா எலும்பு தெரிய நின்றது. பலகை ஒட்டும் வேலை மேலிருந்து கீழே போவது என்பதால், மேல் பலகை கிடைத்தவர் பெரியவர், கீழ்ப்பலகை கிடைத்தவர் சிறியவர் என்று ஒரு கணக்கு தானாகவே உண்டாயிற்று. சுங்கை ரம்பாய்க் கிளைத் தலைவர் கந்தசாமிக்குப் பதினேழாம் பலகை வந்தது. அவர் கையேட்டின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார். அது நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

தண்ணீருக்குக் கீழே இருக்கத்தான் சுங்கை ரம்பாயிலிருந்து வந்தேனா என்று அவர் கேட்டதாகவும், என் தாத்தா மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டு வந்தவர், உன் தாத்தா எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது என்று தலைவர் தம்புசாமி பதில் சொன்னதாகவும், இரண்டையும் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம் என்று பிறகு முடிவெடுத்ததாகவும் குறிப்பேட்டில் இருக்கிறது. அவசரக் கூட்டம் கூடியது. நீர்மட்டக் கோட்டைப் பதினான்கு பலகை கீழே இறக்க ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கந்தசாமி வந்து ஒட்டினார்.

வசந்தனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கடையில் பிரேக் லைனிங் கேட்டவருக்குக் கிளட்ச் தட்டை எடுத்துக் கொடுத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படி ஏறிப் போய், கப்பலின் மூக்கிலிருந்து வால்வரை நூல் பிடித்து அளந்தான். நான்கு மில்லிமீட்டர். இரண்டு விழா கழித்து ஏழு. பிறகு ஒன்பது. கப்பல் வலப்பக்கமாக, சபையைப் பார்த்து வளைந்துகொண்டிருந்தது. அவன் அதை எழுத்தில் கொடுத்தான். மூன்று பிரதி.

தலைவர் நேரில் வந்து பார்த்தார். கப்பலின் மூக்கு பதாகையை விட்டு விலகி, காந்தன் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“பாத்தியா,” என்றார் தலைவர். “கேமரா எங்க இருக்குன்னு கப்பலுக்கே தெரியுது. உனக்குத்தான் தெரியல.”

கப்பலை ஒரு தடவை திருப்பி வைத்துவிட்டால் போதும், இடப்பக்கம் சபைக்கு வந்துவிடும், விழா பாட்டுக்கு நடக்கட்டும் என்று வசந்தன் கெஞ்சினான். தலைவர் பதாகையைக் காட்டினார். கப்பலைத் திருப்பினால் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டார். வசந்தன் பார்த்தான். இந்தியாவைப் பார்க்கும்.

“நாம திரும்பிப் போறோம்னு ஆயிடும்லா. பேப்பர்ல வந்தா யாரு பதில் சொல்றது, நீயா? நமக்கு வந்த கப்பல்தான் வேணும். போற கப்பல் வேணாம்.”

அப்படியானால் பதாகையை மாற்றலாமே என்றான். பதாகைக்குத் தனித் துணைக்குழு இருந்தது. அது இன்னும் முதல் கூட்டம் போடவில்லை.

வீட்டுக்கே எடுத்துப் போகிறேன், முறுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தான். அசையாச் சொத்தை மண்டபத்திலிருந்து அசைக்க முடியாது என்று திலகவதி முதல் கூட்டத் தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்.

ஒரு சனிக்கிழமை மதியம், பசை காய்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்று மண்டபச் சாவி வாங்கி, இடப்பக்கம் அவனே மூன்று பலகைகளை ஒட்டினான். மூன்றும் சாயாமல் படிந்தன. நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. ‘பிரமுகர் பெயரில்லாத மூன்று பலகைகள் கப்பலின் பின்புறத்தில் காணப்படுகின்றன.’ துணைக்குழு பதினொரு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, அவன் வெந்நீர்த் துணி போட்டுப் பசையை இளக்கி, அந்த மூன்றையும் தன் கையாலேயே உரித்தெடுத்தான். ஆலோசகர் ஒருவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். நாற்பது நிமிடம்.

அன்று வீட்டுக்கு வந்து மேசையின் முன் சும்மா உட்கார்ந்தான். விட்டுவிடலாம் என்று தோன்றியது. விடுவதற்கு அவனுக்குப் பழக்கம் இருந்தது. புனிதா தட்டை வைத்தாள்.

“அரக்கெணறுன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போறாங்க,” என்றாள். “ஆனா இது நீங்க விட்டது இல்ல. புடுங்கினது. ரெண்டும் ஒண்ணா?”

வருடக் கடைசியில் வலப்பக்கம் ஒரே ஒரு பலகை மீதமிருந்தது. முப்பத்தொன்றாவது, எல்லாவற்றுக்கும் அடியில், அடிமரத்தை ஒட்டியது. எவ்வளவு இறக்கினாலும் நீர்மட்டக் கோட்டை அதற்குக் கீழே இறக்க முடியவில்லை. நான்கு பிரமுகர்களைக் கேட்டார்கள். நான்கு பேருக்கும் அன்று வேறு நிகழ்ச்சி இருந்தது. அப்போதுதான் உழைப்பாளர்களைக் கௌரவிக்க வேண்டும் என்ற எண்ணம் செயற்குழுவில் பலமாக எழுந்தது. கடைசிப் பலகையை வசந்தன் ஒட்டுவது, அவனுக்குப் பொன்னாடை, ‘கப்பற் கலைச்செம்மல்’ பட்டம், விழாவின் பிரமுகர் அவனே என்று தீர்மானமாயிற்று.

வளைவு அப்போது பதினான்கு மில்லிமீட்டர். முன்பக்கச் சட்டம் ஒன்றில் முடி போல ஒரு விரிசல்.

வசந்தன் திலகவதியைப் பார்க்கப் போனான். பிரமுகர் எத்தனை பலகை ஒட்டலாம் என்று கேட்டான். திலகவதி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முன்பு ஒரு விழாவில் தலைவரே ஆசைப்பட்டு மூன்று பலகை ஒட்டியதால் விதி ஏழு திருத்தப்பட்டிருந்தது: ‘பிரமுகர் தம் விருப்பம்போல் ஒட்டலாம்.’ எந்தப் பக்கம் என்று இருக்கிறதா என்றும் கேட்டான். இல்லை. இன்னொரு பக்கம் இருப்பதாக விதி எழுதியவர்கள் யாரும் நினைக்கவில்லை.

திலகவதி விதிப்புத்தகத்தை மூடி வைத்தார்.

“விதில தடை இருந்தா தடுப்பேன் தம்பி,” என்றார். “இல்லையே.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் பலகை ஊறியது. குளியலறை வாளியில் ஊறவைத்ததை அவன் எடுத்துக் கொடுக்க, புனிதா சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி வளைத்தாள். உங்கள் சட்டைக் காலரை விட இது சுலபம் என்றாள். முப்பத்தொரு பலகைகளுக்கும் எண் எழுதி ஈரத்துணியில் சுற்றி வைத்தார்கள்.

விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள்; பதினொன்றரைக்குத் தொடங்கியது. கிளேபாங்கிலிருந்து வரவழைத்த ஆட்டுப் பிரியாணி மண்டபத்தின் பின்வரிசையில் நான்கு பெரிய சட்டிகளில் மூடி இருந்தது. எல்லாருக்கும் அது இருக்கும் திசை தெரிந்திருந்தது. பேச்சுகள் நடந்தன. மாலை, பொன்னாடை, பட்டம். வசந்தன் குனிந்து, கிட்டத்தட்ட மேசைக்கடியில் தலையை விட்டு, வலப்பக்கக் கடைசிப் பலகையை ஒட்டினான். காந்தன் படம் எடுத்தார். சபை கைதட்டியது. பந்திக்கு எழுவதற்காக நாற்காலிகள் கிறீச்சிட்டன.

வசந்தன் இறங்கவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். துணிமூட்டையை எடுத்துக்கொண்டு, கப்பலுக்கும் பதாகைக்கும் இடையில் இருந்த சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தான். சபைக்கு அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. கிளிப்பு மாட்டும் சத்தம் மட்டும் டக், டக் என்று வந்தது.

அறிவிப்பாளராக நின்ற புவனேஸ்வரன், பிரமுகர் இன்னும் பலகை ஒட்டுகிறார், அவர் முடிக்கும்வரை கரவொலி எழுப்புவோம் என்றார். சபை மூன்று பலகை வரைக்கும் கை தட்டியது. பிறகு கை வலித்தது.

பிரமுகர் இலையில் கை வைக்காமல் அந்த மண்டபத்தில் யாரும் ஒரு பருக்கை வாயில் போட்டதில்லை. மண்டபம் திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். அதை ஏற்படுத்தியதில் தம்புசாமிக்குப் பெருமை உண்டு. இப்போது அவர் நேரத்தை நிரப்ப இரண்டாம் முறை பேசினார். தான் பட்ட பாட்டைத் தானே சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு மணி ஆனது. குழந்தைகள் அழுதன. யாரோ தாப்பாவ் பண்ணிக்கொண்டு போகலாமா என்று பொட்டலத் தாளோடு சட்டி அருகே போனார். பிரமுகர் சாப்பிடும் முன் பொட்டலமும் கட்டக் கூடாது என்று திலகவதி திருப்பி அனுப்பினார்.

“தம்பி,” என்று தலைவர் பதாகை ஓரமாக நின்று மெதுவாகக் கூப்பிட்டார். “இன்னும் எத்தன?”

“இருபத்தாறு, தலைவரே. பிடிக்க ஆள் இருந்தா சீக்கிரம் முடியும்.”

தலைவர் முன்வரிசையைப் பார்த்தார். முன்வரிசை தரையைப் பார்த்தது.

முதலில் எழுந்தவர் சுங்கை ரம்பாய் கந்தசாமி. எனக்கு இனிப்பு நீர் வியாதி, மாத்திரை போட்டாயிற்று, இனிமேல் சாப்பிடாமல் இருந்தால் இந்த மேடையிலேயே விழுவேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பொன்னாடையை உதறிப் போட்டுச் சந்துக்குள் போனார். அவர் கைக்கு வந்த பலகை எந்தக் கோட்டுக்கு மேலே, எந்தக் கோட்டுக்குக் கீழே என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் பல்மருத்துவர் போனார். அவர் விரல்கள் அந்த வேலைக்குத் தோதாக இருந்தன. சந்துக்குள் போக முடியாதவர்கள் வெளியே வரிசையாக நின்று பலகை கொடுத்தார்கள். புனிதா எண் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். திலகவதி பதிவேட்டை விரித்துக்கொண்டு வந்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டார். பெயர் எதற்கு, கையை மறைக்காதீர்கள் என்றார்கள். இடப்பக்கம், பலகை ஆறு முதல், ஒட்டியவர் என்ற கட்டத்தில் அவர் யோசித்து, ‘பசித்தவர்கள்’ என்று எழுதினார்.

இருபத்திரண்டாம் பலகையில் வசந்தன் நூல் பிடித்துப் பார்த்தான். பதினான்கு இல்லை. ஒன்பது. காய்ந்தால் இன்னும் இழுக்கும். அடுத்த பலகைக்குக் கை நீட்டினான். கந்தசாமி தளர்ந்து வெளியே போக, சந்தில் ஓர் இடம் காலியானது.

அந்த இடத்தில் மாலை இல்லாமல், பொன்னாடை இல்லாமல், மூச்சை இழுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைவர் தம்புசாமி வந்து நின்றார். முதுகில் மலாயா உரசியது. சுற்றிலும் பார்த்தார்.

“இங்க படம் எடுக்கறாங்களா?”

“இல்ல தலைவரே. காந்தண்ணன் ரெண்டு கையிலயும் பலகை வச்சிருக்காரு.”

தலைவர் கொஞ்சம் யோசித்தார். சட்டிகள் பக்கமிருந்து வாசனை வந்தது.

“இன்னும் எத்தன?”

“ஒம்பது.”

“குடு.”

வசந்தன் பசை தடவிக் கொடுத்தான். தலைவர் பழக்கதோஷத்தில் பலகையைப் பிடித்தபடி சபை இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தார். எதிரே கப்பலின் விலா எலும்புகள்தான் இருந்தன.

“சாயுது,” என்றான் வசந்தன். “நேராப் பிடிங்க.”

தலைவர் நேராகப் பிடித்தார்.